பாலினீஸ் சொல்லும் ஆங்கிலப் பொருளும்: வாசகர் கேள்வி பதில்

பாலித் தீவின் மொழியைப் படிக்கத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலோர் கையில் இருப்பது ஒரு பாலினீஸ்–ஆங்கிலச் சொற்பட்டியல். சந்தேகங்களில் பாதி அந்தப் பட்டியலிலிருந்தே கிளம்பியவை.

கே: ‘ஈட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஐந்து பாலினீஸ் சொற்கள் இருக்கின்றன. ஐந்தும் ஒன்றுதானா? எதை மனப்பாடம் செய்வது?

ப: செயல் ஒன்றுதான். யார் சாப்பிடுகிறார், யாரிடம் அதைச் சொல்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. வீட்டிலும் நண்பர்களுக்குள்ளும் ‘மடாஆர்’. மரியாதையாகப் பேச வேண்டிய இடத்தில் ‘ஙாஜெங்’. பெடண்டா எனப்படும் பிராமண குருவோ அரச குடும்பத்துப் பெரியவரோ உண்பதைச் சொல்ல ‘ஙெராயுனாங்’. அப்படிப்பட்டவர் முன்னால் நாம் உண்பதைச் சொல்ல ‘நூனாஸ்’. இதன் நேர்ப்பொருள் ‘வேண்டிப் பெறுதல்’. நாயும் பன்றியும் உண்பது ‘ஙாமஹ்’. அதை மனிதரைப் பார்த்துச் சொன்னால் வசை.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இது பெரிய மலைப்பு. நமக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. ‘அமுது செய்தார்’, ‘சாப்பிட்டார்’, ‘தின்றது’, ‘கொட்டிக்கொண்டான்’ ஆகிய நான்கையும் இடம் மாற்றிச் சொல்லாமல் பேசத் தெரிந்தவர்கள்தானே நாம்? பட்டியலில் உள்ள ஆங்கிலப் பொருளை அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த அடுக்குகளுக்குப் பெயர் உண்டு. அன்றாடப் பேச்சு ‘அண்டாப்’, மரியாதைப் பேச்சு ‘ஆலுஸ்’, முரட்டுப் பேச்சு ‘காசார்’. ஆலுஸுக்குள்ளேயே பிறரை உயர்த்தும் சொற்கள் ‘சிங்கிஹ்’, தன்னைத் தாழ்த்தும் சொற்கள் ‘சோர்’, இரண்டுக்கும் பொதுவானவை ‘மிடெர்’. புதிதாகப் படிப்பவர் செய்யும் தவறு எப்போதும் ஒன்றே. ‘உயர்ந்த’ சொல்லாகத் தேடிப் பிடித்து அதைத் தனக்கே பயன்படுத்துவார். ‘நான் ஙெராயுனாங்’ என்பது ‘நான் அமுது செய்தருளினேன்’ என்பதற்குச் சமம். பெயர் கேட்பதிலும் இதே விதிதான். எதிரில் இருப்பவர் உயர் குடியினர் என்றால் அவர் பெயர் ‘பெசெஙான்’, உங்கள் பெயர் வெறும் ‘வஸ்தான்’. அன்றாடப் பேச்சில் ‘ஆடான்’.

எல்லாச் சொல்லுக்கும் இத்தனை அடுக்கு இல்லை. உடல், உணவு, உறக்கம், மரணம், வீடு, போக்குவரத்து, பிரதிப்பெயர் என மனிதரைச் சுற்றியுள்ள சொற்களில்தான் அடுக்கு நிறைய. முதலில் சில இணைகளை மட்டும் படியுங்கள், முன்னது அன்றாடம், பின்னது மரியாதை: என்ன – ‘அப்ப’, ‘நாப்பி’; யார் – ‘ஞென்’, ‘சிர’; இல்லை – ‘சிங்’, ‘நெந்தென்’; தண்ணீர் – ‘யெஹ்’, ‘தோய’; வாங்கு – ‘மெலி’, ‘நும்பாஸ்’; தூங்கு – ‘பூலெஸ்’, ‘சிரெப்’; பணம் – ‘பிப்பிஸ்’, ‘ஜினஹ்’. ‘நான்’ என்பதற்கு ‘தியாங்’ போதும். நெருங்கிய நண்பனிடம் ‘இச்சாங்’, பெரியவரிடம் ‘தித்தியாங்’ என்று பிறகு நகர்ந்துகொள்ளலாம்.

கே: ‘காஜா’ என்றால் வடக்கு என்று பட்டியல் சொல்கிறது. சிங்கராஜாவில் ஒருவர் தெற்கே கைகாட்டி ‘காஜா’ என்கிறார். யார் சொல்வது தவறு?

ப: பட்டியல்தான். ‘காஜா’ என்றால் மலைப்பக்கம், ‘கெலோட்’ என்றால் கடல்பக்கம். ‘கெலோட்’டுக்குள் இருக்கும் ‘லோட்’, கடலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘லாவுத்’தின் உறவு. தீவின் நடுவே மலைத்தொடர் ஓடுகிறது. டென்பசாரும் உபுடும் தொடருக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மலைப்பக்கம் வடக்கு. சிங்கராஜா வடகரையில் இருப்பதால் அங்கே மலைப்பக்கம் தெற்கு. பட்டியல் போட்டவர் தென்பாலிக்காரரிடம் கேட்டு எழுதியிருப்பார். அங்கே அது பொருந்தும்.

தமிழில் மேற்கும் கிழக்கும் மேல், கீழ் என்ற நிலச்சரிவிலிருந்து பிறந்தவையே. ஆனால் நம் சொற்கள் காலப்போக்கில் திசைகாட்டி முள்ளோடு ஒட்டிக்கொண்டன. பாலினீஸ் சொற்கள் இன்னும் மலையோடும் கடலோடும்தான் இருக்கின்றன. மற்ற இரண்டான ‘காஙின்’, ‘காவுஹ்’ ஆகியவற்றைப் பெரும்பாலும் கிழக்கு, மேற்கு என்று கொள்ளலாம்.

இடம், வலம் என்று நாம் சொல்லும் பல இடங்களில் அவர்கள் இந்த நான்கைத்தான் சொல்கிறார்கள். மேசை மேல் உள்ள கிண்ணத்தைக்கூடக் ‘கொஞ்சம் காஜா பக்கம் தள்ளு’ என்பார்கள். வீட்டு அமைப்பும் இதன்படிதான். குடும்பச் சன்னதி காஜா–காஙின் மூலையில், ‘பாவோன்’ எனப்படும் அடுக்களை கெலோட் பக்கம். தலை வைத்துப் படுப்பது காஜா அல்லது காஙின்.

இதைத் தெரிந்துகொண்டால் ஊர்ப்பெயர்கள் தாமாகவே பிரியும். ‘ஒன்றுக்கு இன்ன பக்கத்தில்’ என்பதற்கு ‘டாஜான்’, ‘டெலோட்’, ‘டாஙின்’, ‘டாவுஹ்’ என்ற வடிவங்கள் உண்டு. டென்பசார் என்றால் சந்தைக்கு வடக்கே. அந்நகரிலேயே உள்ள டாஙின் பூரி அரண்மனைக்குக் கிழக்கே, டாவுஹ் பூரி அரண்மனைக்கு மேற்கே.

கே: காதில் விழும் சொற்களை அகராதியில் தேடினால் பாதி கிடைப்பதில்லை. ‘உமஹெ’, ‘நூலிஸ்’, ‘ஞெமாக்’ ஆகிய மூன்றையும் காணோம். அகராதியே மோசமா?

ப: அகராதி சரிதான். நீங்கள் தேடுவது வேர்ச்சொல் இல்லை. ‘வந்தான்’ என்பதைத் தமிழ் அகராதியில் வகரத்தில் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று சொல்வது போலத்தான் இது. இரண்டு இடத்தில் சீவ வேண்டும்.

முதலில் வால். ‘உமஹ்’ என்றால் வீடு; ‘உமஹெ’ என்றால் குறிப்பிட்ட அந்த வீடு. மெய்யில் முடியும் சொல்லுக்கு ‘எ’, உயிரில் முடியும் சொல்லுக்கு ‘னெ’. சட்டை ‘பாஜு’, அந்தச் சட்டை ‘பாஜுனெ’. இதே வால் ‘அவருடைய’ என்றும் பொருள்படும் என்பதால் ‘பாஜுனெ’ என்பது அவருடைய சட்டையாகவும் இருக்கலாம். முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வினைகளின் கடைசியில் ‘ஆங்’ அல்லது ‘இன்’ ஒட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். ‘ஜெமாக்’ எடு, ‘ஜெமாக்காங்’ இன்னொருவருக்காக எடுத்துக் கொடு.

அடுத்தது தலை. வினைச்சொல்லின் முதல் மெய் மறைந்து அதன் இடத்தில் மூக்கொலி உட்கார்ந்துவிடும். எது எதுவாக மாறும் என்பதில் தமிழருக்குச் சிரமமே இல்லை, இனவெழுத்து நமக்குப் பால பாடம். உதட்டில் பிறக்கும் ‘ப’ வகை ‘ம’ ஆகும். நாக்கு நுனியில் பிறக்கும் ‘த’, ‘ட’ ஆகியவை ‘ந’ ஆகும். ‘ச’, ‘ஜ’, ‘ஸ’ ஆகியவை ‘ஞ’ ஆகும். ‘க’ வகை ‘ங’ ஆகும். உயிரில் தொடங்கும் சொல்லின் முன்னும் ‘ங’ வந்து நிற்கும். எனவே ‘நூலிஸ்’ கிடைக்க ‘தூலிஸ்’ என்று தேடுங்கள்: எழுது. ‘ஞெமாக்’ வேண்டுமானால் ‘ஜெமாக்’. ‘மெலி’ என்பதன் வேர் ‘பெலி’. ‘ஙாடெப்’ என்பதன் வேர் ‘ஆடெப்’: விற்பனை செய்.

முன்பு பார்த்த ‘மடாஆர்’ இங்கே மறுபடி உதவும். வேர் ‘டாஆர்’. ‘நாஆர்’ என்றால் இன்னதைச் சாப்பிடு. பின்னால் ஒரு பொருள் வர வேண்டும். ‘மடாஆர்’ என்றால் வெறுமனே சாப்பிடு. பின்னால் எதுவும் வேண்டாம். மூக்கொலியில் தொடங்கும் சொல் கிடைக்காதபோது இரண்டு மூன்று மெய்களை மாற்றி மாற்றித் தேடிப் பார்ப்பதே வழி. ‘ந’ என்றால் முதலில் ‘த’, பிறகு ‘ட’, அதுவும் இல்லையென்றால் ‘ந’ என்ற வேரே.

கே: ‘ரைஸ்’ என்பதற்கும் ‘பிரதர்’ என்பதற்கும் பாலினீஸில் தனித்தனியாகப் பல சொற்கள் இருப்பது ஏன்?

ப: ஆங்கிலத்தில் குறைவாக இருக்கிறது என்பதே சரியான பதில். வயலில் நிற்பது ‘பாடி’, உரித்தது ‘பாஅஸ்’, வெந்தது ‘நாசி’. நெல், அரிசி, சோறு. அண்ணன் ‘பெலி’, அக்கா ‘ம்போக்’, தம்பிக்கும் தங்கைக்கும் பொதுவாக ‘ஆடி’. கடைக்காரரையும் வண்டி ஓட்டுபவரையும் ‘பெலி’ என்று கூப்பிடலாம், நாம் ‘அண்ணே’ என்பது போல. ‘ஆடி’யில் ஆண் பெண் வேறுபாடு கிடையாது, தமிழை அப்படியே பொருத்திப் பார்க்கிறவர்கள் இடறும் இடம் இதுதான்.

கே: இந்தோனேசிய மொழி தெரிந்தால் பாலினீஸ் தானாகப் புரியும் என்கிறார்களே?

ப: புரியாது. உறவு மொழிகள், அவ்வளவே. ‘பெலி’ இந்தோனேசியத்தில் ‘வாங்கு’, பாலினீஸில் ‘அண்ணன்’ என்றும் பொருள். ‘கூட’ இந்தோனேசியத்தில் குதிரை, பாலினீஸில் ‘எத்தனை’. பாலினீஸில் குதிரைக்கு ‘ஜாரான்’.

கே: உச்சரிப்பு எங்கே பிசகும்?

ப: நான்கு இடங்கள்.

சொல்லின் கடைசியில் வரும் ‘அ’ முழுதாக ஒலிக்காது. வாயைப் பாதி திறந்து, ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் நடுவே விட்டுவிடுகிறார்கள். ‘கூட்டா’ என்று நாம் நீட்டும் கடற்கரை ஊரின் பெயர் அங்கே ‘கூத்த’ என்பதற்குக் கிட்டத்தில் வந்து கடைசியில் மங்கிவிடும்.

ரோமன் எழுத்தில் ஒரே குறியாக எழுதப்படும் ‘எ’யில் இரண்டு ஒலிகள் உண்டு. ஒன்று நம் ‘எ’, மற்றது மேலே சொன்ன மங்கல் ஒலி. ‘கெடெ’, அதாவது ‘பெரிய’ என்ற சொல்லில் முதலாவது மங்கல், இரண்டாவது தெளிவு. எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

‘பாஅஸ்’, ‘ஜாஎன்’ போன்றவற்றில் உயிரெழுத்துகளை ஒட்டவிடாதீர்கள். ‘ஜாஎன்’ என்றால் ருசியானது. ஒரே அசையாக ‘ஜேன்’ என்றால் யாருக்கும் புரியாது. ‘யெஹ்’, ‘உமஹ்’ ஆகியவற்றின் கடைசி ‘ஹ்’ காதில் விழ வேண்டும்.

கடைசியாகத் தமிழ் எழுத்தே செய்யும் சதி. நம் ‘ப’ இரண்டு ஒலிக்கும் பொது, ‘ந்த’ என்று எழுதினால் மெலிந்துவிடும். இங்கே ‘நெந்தென்’ என்று அச்சிட்டிருந்தாலும் நடுவில் உள்ள ‘த’வை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பாடி’யின் ‘ப’ வல்லொலி, ‘பாஅஸ்’, ‘பெலி’ ஆகியவற்றின் ‘ப’ ‘பாலி’யில் வரும் ‘ப’. தமிழில் குறிப்பெடுப்பவர்கள் மெலிந்த எழுத்தின் அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

கே: எண்களில் பத்து வரை தெரியும். சந்தையில் விலை சொல்லும்போது எதுவும் பிடிபடவில்லை.

ப: பத்து வரை ஒழுங்காகப் போகும்: பெசிக், டுஅ, தெலு, பாப்பாத், லிம, நெம், பித்து, கூத்துஸ், சிய, டாஸ. பதினொன்று ‘சோலாஸ்’, பன்னிரண்டு ‘ரோராஸ்’. பதினெட்டு ‘பிளெகூத்துஸ்’ என்று சற்று முரண்டு பிடிக்கும். உண்மையான பள்ளம் அதற்கப்புறம். 21 ‘செலிக்கூர்’, 25 ‘செலாஎ’, 35 ‘பாஸாசூர்’, 45 ‘செத்திமான்’, 50 ‘செக்கெத்’. இவற்றில் பெரும்பாலானவை எந்தக் கூட்டலாலும் கிடைக்காது. தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். 75 ‘தெலுங் பெனாங்’. சொல்லளவில் ‘மூன்று நூல்’. நூறு ‘சாத்துஸ்’, 150 ‘காரோபெலஹ்’, 175 ‘லெபாக்’, 200 ‘சாத்தாக்’, 400 ‘சாமாஸ்’, 800 ‘டோமாஸ்’, ஆயிரம் ‘சியு’. நடுவில் ஓட்டையுள்ள கெப்பெங் காசுகளைக் கயிற்றில் கோத்து எண்ணிய பழக்கம் இந்தச் சொற்களில் தங்கியிருக்கிறது. ‘தாலி’ என்றால் கயிறு, ஆயிரம் என்றும் பொருள். ‘லிமாங் தாலி’ ஐயாயிரம் ரூப்பியா.

அந்த ‘லிமாங்’ எங்கிருந்து வந்தது? எண்ணுக்குப் பின்னால் பெயர் வரும்போது வடிவம் மாறுகிறது. ‘லிம’ ‘லிமாங்’ ஆகும், ‘தெலு’ ‘தெலுங்’ ஆகும், ‘டுஅ’ ‘டுவாங்’ ஆகும். மூன்று நாள் ‘தெலுங் டின’. நம் ‘மூன்று’ம் ‘முந்நூறு’, ‘மூவர்’ என்று சுருங்குவதில்லையா, அதுபோலத்தான்.

விலை கேட்க ‘அஜி கூட நிக்கி?’. பதிலில் பாலினீஸ் எண் ஓடினால் மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர்களே இந்தோனேசிய எண்ணுக்கு மாறிவிடுவார்கள், அதில் குறை ஒன்றுமில்லை.

கே: வயான் என்பது ஆண் பெயரா, பெண் பெயரா?

ப: இரண்டும். அது பிறந்த வரிசை. முதல் குழந்தை வயான், புத்து அல்லது கெடெ, இரண்டாவது மடே, காடெக் அல்லது நெங்ஙஹ், மூன்றாவது ஞொமான் அல்லது கோமாங், நான்காவது கெத்துத். ஐந்தாவது குழந்தைக்கு மறுபடி வயானிலிருந்து. முன்னால் ‘இ’ இருந்தால் ஆண், ‘நி’ இருந்தால் பெண். உயர் குடிகளின் பெயர்கள் வேறு: பிராமணரில் ஆணுக்கு ‘இட பாகுஸ்’, பெண்ணுக்கு ‘இட ஆயு’.

கே: ஏராளமான வடமொழிச் சொற்கள் இருப்பதால் நமக்குச் சுலபம்தானே?

ப: சுலபம் போலத் தெரியும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ‘பூர’ அங்கே நகரம் இல்லை, கோயில். ‘பூரி’ அரண்மனை. இரண்டையும் மாற்றிக் கேட்டால் ஆட்டோவில் ஏறியவர் வேறு வாசலில் இறங்குவார், அதுவும் அங்கே ஆட்டோ கிடைத்தால்.

கிழமைகள் மட்டும் நிஜமாகவே சுலபம்: ரெடிதெ, சோம, அங்கார, புட, ரெஸ்பாதி, சுக்ர, சனிஸ்சர. ஆதித்தன் தொடங்கிச் சனைச்சரன் வரை கோள் வரிசை அப்படியே. ஆனால் இந்த ஏழோடு நிற்காது. உமானிஸ், பாயிங், போன், வாகெ, கிளிவோன் என்ற ஐந்துநாள் சுழற்சியும் கூடவே ஓடுகிறது. ‘புட கிளிவோன் டுங்குலான்’ என்றால் டுங்குலான் என்னும் வாரத்தில் புதனும் கிளிவோனும் கூடும் நாள். கலுங்ஙான் திருநாள் அன்றுதான். முப்பது வாரம், 210 நாள் கழித்து அது மறுபடி வரும். ஆங்கிலப் பட்டியலில் ‘பர்த்டே’ என்று போட்டிருக்கும் ‘ஓத்தோனான்’ இந்த 210 நாள் கணக்கில் வருவது, ஆண்டுக்கு ஒருமுறை வருவதில்லை.

கே: ‘ஆஃபரிங்’ என்பதற்கு எந்தச் சொல்?

ப: என்ன படைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘பந்தென்’ பொதுச்சொல். தினமும் வைக்கும் சிறு தட்டு ‘சானாங் சாரி’. இளந்தென்னங்கீற்றில் முடைந்த சதுரத் தட்டான ‘செப்பெர்’, அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்த்த ‘போரோசான்’, மேலே பூ. கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. நடுவே நறுக்கிய தாழையிலை. தாம்பூலம் இல்லாமல் பூ மட்டும் வைத்தால் அது சானாங் ஆகாது. தரையில் வைப்பது ‘செகெஹான்’. அது பூதங்களுக்கு, அதில் சோற்றோடு உப்பு, இஞ்சி, வெங்காயம் இருக்கும்.

‘பிரீஸ்ட்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல். பெடண்டா பிராமணர், தீர்த்தம் தயாரிப்பவர். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பூசாரி ‘பெமங்கு’. அவர் பெரும்பாலும் பிராமணராக இருக்கமாட்டார்.

கே: பலகைகளில் ரோமன் எழுத்துக்கு மேலே இருக்கும் எழுத்தைப் படிக்க முடியுமா?

ப: முடியும், தமிழருக்கு வேகமாகவே வரும். 2018ஆம் ஆண்டின் 80ஆம் எண் ஆளுநர் விதிக்குப் பிறகு அப்பலகைகள் பெருகின. வியாழக்கிழமைகளிலும் பௌர்ணமி, அமாவாசை நாட்களிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பாலினீஸில் பேச வேண்டும் என்பதும் அதே விதி.

பல்லவர் எழுத்தின் வழிவந்தது இது. பாலினீஸுக்கு வேண்டிய அடிப்படை மெய்கள் 18, நம்மைப் போலவே. அகரம் உள்ளே இருக்கும். ‘இ’க்குத் தலைமேல் ‘உலு’, ‘உ’வுக்குக் காலடியில் ‘சுகு’. ‘எ’க்கு இடப்பக்கம் ‘தாலிங்’. ‘ஒ’வுக்கு இருபுறமும் தாலிங், தெடோங். நம் ‘கெ’, ‘கொ’ வரையும் கை இதை உடனே பிடித்துக்கொள்ளும். புள்ளிக்குப் பதில் ‘ஆடெக்–ஆடெக்’. ‘பெச்சிக்’, அதாவது ‘நல்லது’ என்ற சொல்லை எழுத: ‘ப’வின் தலையில் மங்கல் ஒலிக்கான ‘பெபெத்’, ‘ச’வின் தலையில் உலு, கடைசி ‘க’வோடு ஆடெக்–ஆடெக்.

சறுக்கல் இரண்டு. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மெய்யோடு மெய் சேர்ந்தால், அது சொல்லின் எல்லையானாலும், இரண்டாவது மெய் ‘கந்துஙான்’ என்ற வேறு வடிவில் முதலாவதன் கீழே தொங்கும். 18 எழுத்தையும் படித்துவிட்டு இந்தத் தொங்கும் வடிவங்களைப் படிக்காதவர்கள் பலகையின் முன் திகைத்து நிற்பார்கள். இரண்டையும் ஜோடியாகவே எழுதிப் பழகுங்கள்.

கே: ‘சுக்ஸ்ம’ என்பது நம் சூட்சுமம்தானா?

ப: சொல் அதுதான், பொருள் ‘நன்றி’. பெரியவரிடம் ‘மாத்துர் சுக்ஸ்ம’. உங்களிடம் ஒருவர் சொன்னால் ‘சுக்ஸ்ம மெவாலி’ என்று திருப்பிச் சொல்லுங்கள். ‘பரவாயில்லை’ என்று நண்பனிடம் சொல்ல ‘சிங் கென்கென்’.